விண்வெளிக்குப் போகும் டியூனபிள் ஃபில்டர்: வடசென்னையில் சின்ன அறையில் தொடங்குபவருக்கு

மேசை மேல் ஃபில்டர் வேலை செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். நானும் நினைத்தேன். தண்டையார்பேட்டையில் வாடகைக்கு எடுத்த இரண்டாம் மாடி அறையில், குமிழைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் சிவப்பிலிருந்து பச்சைக்கு நழுவியதைப் பார்த்த அன்று, கீழே டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீயும் பொறையும் வாங்கிக் கொடுத்தேன். அதே ஃபில்டரை அதிர்வு மேசையில் ஏற்றி, வெற்றிடத்தில் வைத்து, "எதுவும் மாறவில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க அதற்குப் பிறகு 14 மாதம் ஆனது. அதில் ஆறு மாதமாவது வெறும் தண்டம். வரிசை தெரியாமல் போட்ட தண்டம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் கேமராவுக்கு முன்னால் நின்று, சொன்ன அலைநீளத்தை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரைச் செய்யப் போகிறீர்கள், கையில் பெரிய ஆய்வகம் கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு பக்கத் தாள்

எந்த அலைநீளம் முதல் எது வரை, அதில் ஒரு தடவைக்கு உள்ளே விடும் ஒவ்வொரு அலைநீளப் பட்டையும் எவ்வளவு அகலம், எத்தனை பட்டை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற எவ்வளவு நேரம், ஒளி நுழையும் துளையின் விட்டம், ஒளி எந்தச் சாய்வு வரை வரும். இந்த ஆறையும் எழுதி முடிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மாறும் நேரத்தை நிறைய பேர் கண்டுகொள்வதில்லை. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் நிழல் தரையில் நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடுகிறது. உங்கள் ஃபில்டர் நிறம் மாற 50 மில்லிநொடி எடுத்தால், அதற்குள் கேமரா 350 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரு பிக்சல் 30 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 பிக்சல். சிவப்புப் பட்டையில் எண்ணூர் கழிமுகம், அடுத்த பட்டையில் அதற்குப் பக்கத்து உப்பங்கழி. பிறகு மென்பொருளில் இழுத்து ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அதையும் இந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

நம்மைப் போன்றவர் கைக்கு எட்டுகிற வகை மூன்று. திரவப் படிக ஃபில்டரில் நகரும் பாகம் இல்லை. ஆனால் பத்துக் கணக்கான மில்லிநொடி எடுக்கும், பாதி ஒளியை முதல் தட்டிலேயே விழுங்கும், வெப்பம் மாறினால் அளவும் மாறும். ஒலி-ஒளி ஃபில்டர் டெல்லூரியம் டை ஆக்சைடு படிகத்துக்குள் ஒலி அலையை அனுப்பி வேலை செய்கிறது. மைக்ரோநொடிக் கணக்கில் மாறும், அசையும் பாகமும் இல்லை. பதிலுக்கு ரேடியோ அலைவரிசை டிரைவரும் ஓரிரு வாட் மின்சக்தியும் கேட்கும். சந்திரயான்-3இன் உந்துகலத்தில் பூமியைப் பார்த்த ஷேப் கருவியில் இருந்தது இந்த வகை. மூன்றாவது ஃபேப்ரி-பெரோ: ஒளியை எதிரொளிக்கும் பூச்சு பூசிய இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு இடைவெளி, அதை மாற்ற பீசோ, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பொருள். 2017 ஜூன் 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி38இல் போன ஃபின்லாந்தின் ஆல்டோ-1 செயற்கைக்கோளில் இந்த வகைதான் இருந்தது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து ராக்கெட்டின் புகைக்கோடு தெரிகிற தூரத்தில் இருந்துதான் போயிருக்கிறது. நான் எடுத்ததும் இதுதான். இனிமேல் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஃபேப்ரி-பெரோவுக்கு.

2. இடைவெளிக் கணக்கைப் போட்டுப் பயந்துகொள்ளுங்கள்

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 1,400 நானோமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். அதன் இரண்டு மடங்கை முழு எண்ணால் வகுத்தால் கடந்து போகும் அலைநீளங்கள் ஏறத்தாழ வந்துவிடும்: 2,800ஐ நான்கால் வகுத்தால் 700, மூன்றால் வகுத்தால் 933, ஐந்தால் வகுத்தால் 560. உங்களுக்கு 700 மட்டும் வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் தடுக்க இன்னொரு சாதாரண ஃபில்டர் முன்னால் நிற்க வேண்டும். அதன் விலையை யாரும் முதல் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடைவெளி 1 நானோமீட்டர் நகர்ந்தால் 700 என்பது அரை நானோமீட்டர் நகரும். இனி இதைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் உயர அலுமினியத் தூண் ஒரே ஒரு டிகிரி சூடானால் 230 நானோமீட்டர் நீளும். இன்வார் உலோகமாக இருந்தால் சுமார் 12. எதில் செய்தாலும், இடைவெளியை அளந்து தானாகத் திருத்திக்கொள்ளும் கெப்பாசிட்டன்ஸ் சென்சார் இல்லாமல் முடியாது என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பீசோவுக்கு இவ்வளவு வோல்ட் கொடுத்தால் இவ்வளவு நகரும் என்று நம்பி சென்சாரைத் தவிர்த்தது என் முதல் தண்டம். ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு காட்டும் அது. போதாததற்கு, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

சாய்வையும் மறக்காதீர்கள். ஒளி 5 டிகிரி சாய்ந்து வந்தால் 700 என்பது சுமார் 2.7 நானோமீட்டர் குறையும். படத்தின் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் இன்னொரு நிறம்.

3. உலோகத்தை வெட்டும் முன் காகித வேலை

இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பொருள் விமானத்தில் வந்து இறங்கிய பிறகு ஓடினேன்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்டு வரும் இணையப் பக்கங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. வாடகை இடமென்றால் ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் கேட்பார்கள். ரசீதில் இருப்பது உரிமையாளரின் காலஞ்சென்ற தாத்தா பெயர் என்றால், இந்தப் பக்கமெல்லாம் அது சகஜம், உரிமையாளரிடம் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணுக்கு 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அந்த விவரத்தை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், விட்டால் எண் செயலிழந்துவிடும். அந்நியச் செலாவணி நடத்த அனுமதி பெற்ற வங்கியின் குறியீட்டு எண்தான் ஏ.டி. கோடு, அதற்கான கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்கிச் சுங்கத்தில் பதிய வேண்டும். சின்னக் கிளையாக இருந்தால் அங்கே யாருக்கும் இதன் பெயரே தெரியாது, அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்கு அனுப்புவார்கள். அதற்கே இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் யாருக்கும் விளக்கப்படம் காட்டும் முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் பதிவுபெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும்.

இன்னொன்று ஸ்கோமெட். இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பட்டியல் அது. விண்வெளிப் பாகங்களுக்கும் சில ஒளியியல் பாகங்களுக்கும் அதில் இடம் உண்டு. பொருள் மட்டுமல்ல, வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். வெளிநாட்டு நண்பரிடம் "ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்" என்று கோப்பை அனுப்புவதற்கு முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

4. அறை

வடசென்னையில் வாடகை குறைவு. அந்தக் குறைவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை மூன்று: லாரி, உப்புக்காற்று, வெள்ளம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் நகரும். என் ஃபில்டரின் உச்சி அலைநீளம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு நடுங்கத் தொடங்கியது. சர்க்யூட்டில் கோளாறு என்று மூன்று நாள் சாலிடரைப் பிடுங்கிப் பிடுங்கி ஒட்டினேன். நான்காம் நாள் மேசை மேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே லாரியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் புரிந்தது. லாரி குழியில் இறங்கினால் தண்ணீரில் வளையம், திரையிலும் நடுக்கம். அறை பார்க்கப் போகும்போது ஒரு தட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இரவில் போங்கள். சாலையும் கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் பாதையும் குறைந்தது இரண்டு தெரு தள்ளி இருக்கட்டும். கனமான கிரானைட் பலகையை நான்கு ரப்பர் காற்றுப்பைகள் மேல் வைத்தால் மீதி அடங்கும்.

உப்புக்காற்று பீசோவுக்கு எமன். ஈரமான காற்றில் பல மணி நேரம் நிலையான வோல்டேஜ் கொடுத்து வைத்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்து கசிவு மின்னோட்டம் ஏறும், கடைசியில் ஷார்ட் ஆகிவிடும். வேலை முடிந்ததும் வோல்டேஜை சுழியத்துக்குக் கொண்டுவந்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். ஏசி மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தனியாக வேண்டும். மணலி, எண்ணூர் பக்கத்துச் சாம்பல் தூசு ஜன்னல் இடுக்கு வழியாக வந்து கண்ணாடியில் உட்காரும். அதைத் துணியால் துடைத்தால் பூச்சு கீறும், ஊதித்தான் எடுக்க வேண்டும்.

தரைத்தளம் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தது தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும் சேர்ந்து.

5. கண்ணாடி, பூச்சு, பீசோ: வாங்குவதும் சுங்கமும்

பூச்சுக்காரர்கள் துண்டுக்குக் காசு வாங்குவதில்லை, பூச்சு பூசும் வெற்றிட அறையை ஒரு தடவை மூடித் திறப்பதற்கு வாங்குகிறார்கள். இரண்டு துண்டு கேட்டாலும் பன்னிரண்டு கேட்டாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே பன்னிரண்டு கேளுங்கள். ஐந்தாறு சோதனையில் போகும். கூடவே அதே தடவையில் பூசிய சாட்சித் துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஏதாவது சந்தேகம் வந்தால் அவைதான் பேசும்.

பூச்சு எந்த முறையில் என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண ஆவிப்பூச்சு நுண்துளைகள் கொண்டது, நம் ஊர் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். வெற்றிடத்தில் அந்த ஈரம் வெளியேறினால் ஃபில்டர் பல நானோமீட்டர் நீலப்பக்கம் நகர்ந்துவிடும். அயனிக் கற்றை உதவியோடு அடர்த்தியாகப் பூசியதில் இந்தத் தொல்லை குறைவு. விலை கூடுதல்தான், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எனக்குப் பூச்சுக்கு 9 வாரம், வெளிநாட்டுப் பீசோவுக்கு 13 வாரம் பிடித்தது. இரண்டையும் ஒரே நாளில் ஆர்டர் போடுங்கள். பீசோக்காரர்கள் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழி கேட்பார்கள். அதில் "செயற்கைக்கோள்" என்று எழுதினால் தாமதமாகும் என்று பயந்து "ஆய்வகப் பயன்பாடு" என்று சிலர் எழுதுகிறார்கள். செய்யாதீர்கள். பின்னால் விண்ணில் ஏற்ற அனுமதி கேட்கும்போது அந்தக் காகிதமே வந்து நிற்கும்.

சுங்க வரிப் பட்டியலில், ஃபிரேமில் பொருத்தாத ஒளியியல் பாகம் 9001 தலைப்பில் வரும், பொருத்தியது 9002இல். இன்வாய்ஸில் வெறுமனே "கிளாஸ்" என்று எழுதி அனுப்பினால் கேள்வி மேல் கேள்வி வரும். இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், ஏர்வே பில், ஒரு பக்கத் தொழில்நுட்பக் குறிப்பு எல்லாம் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒன்று, சிரிக்காதீர்கள்: நம் பக்கத்தில்தானே சுங்க அலுவலகம் என்று நான் ராஜாஜி சாலையில் போய் நின்றேன். விமானத்தில் வந்த பொருள் மீனம்பாக்கம் கார்கோவில் கிடந்தது. கிளியரிங் ஏஜென்ட் மட்டும் நம் பக்கம்தான், தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் வேண்டிய அளவுக்கு இருக்கிறார்கள். ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பாகத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுதுபார்க்க நேரலாம். அதே பொருள்தான் திரும்பி வந்தது என்று காட்ட முடியாவிட்டால் மறுபடியும் வரி கட்ட வேண்டிவரும். வளையத்தின் விளிம்பில் வரிசை எண்ணைப் பொறித்துவிடுங்கள்.

6. ஃபிரேமும் பசையும்

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்காக் கண்ணாடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம். வெப்பம் 60 டிகிரி இறங்கினால் வளையம் கண்ணாடியைவிட 34 மைக்ரான் அதிகமாகச் சுருங்கும். ஒரு தலைமுடியில் பாதி. அவ்வளவு போதும், கண்ணாடி நெரிந்து வளைவதற்கு.

வியாசர்பாடியில் லேத் வைத்திருக்கும் மாஸ்டரிடம் இந்தக் கணக்கோடு போய் நின்றேன். "இன்னாம்மா, பாதி முடி கேப்பு கேக்கற, மூச்சு வுட்டா கூட மாறும்" என்றார். உண்மைதான். ஆனால் பதில் துல்லியத்தில் இல்லை, பசையில் இருக்கிறது. சிலிகோன் ரப்பர் உலோகத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். எனவே கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவே சரியான தடிமனில் அதை நிரப்பினால், வளையம் சுருங்கும் அளவை ரப்பர் தன் சுருக்கத்தால் ஈடுகட்டும். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 250 பங்கு விரியும் ரப்பர் என்றால், அலுமினிய வளையத்துக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் இடைவெளி, டைட்டானிய வளையத்துக்கு 0.4. "அஞ்சாறு முடி கேப்பா? அத முன்னாடியே சொல்லக் கூடாதா" என்று டைட்டானியத்தை மாட்டினார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் நிற்கும் கண்ணாடிகளுக்கு இந்த முறை. பீசோ ஒட்டும் இடத்தில் ரப்பர் ஆகாது, மெல்லிய எப்பாக்சிதான்.

எந்தப் பசையானாலும் வெற்றிடத்தில் ஆவி கக்கக் கூடாது. 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து அளக்கும் ஏ.எஸ்.டி.எம். ஈ595 சோதனை இருக்கிறது. மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், குளிர்ந்த தட்டில் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்குள் என்பது வழக்கமான வரம்பு. பசைக் குழாயோடு இந்தச் சான்றையும் தொகுதி எண்ணோடு வாங்கி வையுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். அவசரத்துக்கு ஒரு வயரை நிறுத்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் இரண்டு கண்ணாடியின் ஓரத்திலும் மார்கழிப் பனி மாதிரி வெள்ளைப் படலம். அதன் ஆவி அப்படித்தான் படியும். அந்த இரண்டு கண்ணாடியும் இப்போது என் மேசையில் பேப்பர் வெயிட்.

பீசோ அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஸ்பிரிங் போட்டு எப்போதும் அமுக்கிய நிலையிலேயே வையுங்கள். கொண்டுபோகும்போது இரண்டு வயரையும் சேர்த்து ஷார்ட் செய்துவிடுங்கள். குலுங்கினாலே மின்னழுத்தம் உண்டாக்கும் பொருள் அது.

7. சோதனைக்கு முன் அளவு

இதைச் செய்யாமல் சோதனைக் கூடத்துக்குப் போனால் கொடுத்த பணம் வீண். முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், பின்னால் மாறவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? மெர்க்குரி-ஆர்கான் விளக்கை வைத்து ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிபாருங்கள். 435.8, 546.1, 763.5 நானோமீட்டர் கோடுகள் எப்போதும் அங்கேயே இருக்கும். பிறகு ஒவ்வொரு பட்டையின் உச்சி, அகலம், கடந்த ஒளியின் சதவீதம், அறையின் வெப்பம், ஈரம், நேரம். லாரி ஓடாத நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். காற்றில் அளந்ததும் வெற்றிடத்தில் அளந்ததும் ஒன்றாக இருக்காது, காற்றின் ஒளிவிலகலால் மட்டுமே 700இல் சுமார் 0.2 நானோமீட்டர் வித்தியாசம் வரும். அதைப் பழுது என்று நினைத்து ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட ஆள் நான்.

8. சோதனை

வரிசை: அளவு, அதிர்வு, அளவு, வெப்ப-வெற்றிடம், அளவு. ஏவும்போது நடப்பதும் அதே வரிசைதான், முதலில் குலுக்கல், பிறகு வெற்றிடம். குலுக்கலில் விழுந்த மயிரிழை விரிசல் வெப்பச் சுற்றில் திறந்து காட்டும்.

அதிர்வின் அளவை ராக்கெட் தரப்பு தரும், அதுதான் இறுதி. அது வரும் வரை நாசாவின் சோதனை விதிகள் அடங்கிய ஜெவ்ஸ் ஆவணத்தை வைத்துத் திட்டமிடலாம்: சிறு பாகங்களுக்குத் தகுதிச் சோதனை 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 14.1 ஜி ஆர்.எம்.எஸ். (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கில் குலுக்கலின் சராசரி), ஒவ்வொரு அச்சிலும் 2 நிமிடம். விண்ணுக்குப் போகும் துண்டுக்கு 10 ஜி, 1 நிமிடம். தகுதிச் சோதனைக்கு ஒன்று, விண்ணுக்கு ஒன்று என இரண்டு ஃபில்டராவது செய்தாக வேண்டும் என்பது இதில் அடக்கம். ஒவ்வொரு அச்சுக்கும் முன்னும் பின்னும் மெதுவான சைன் அலையில் ஒத்ததிர்வு எத்தனை ஹெர்ட்ஸில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். அந்த எண் சில சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, மேலே போகாமல் நிறுத்துங்கள்.

கூடங்கள் மணிக்கணக்கில் வாங்குகின்றன, மேசையில் ஏற்றி இறக்கும் நேரமும் அதில் சேரும். மேசையின் திருகுத் துளை வரைபடத்தை முன்பே வாங்கி, ஃபில்டரை மேசையில் பொருத்தும் ஃபிக்ஸ்சர் செய்யுங்கள். நான் செய்யவில்லை. ஒரு கூடத்தில் பாதி நாள் துளை பொருந்தாமல் நின்றது, அந்தப் பாதி நாளுக்கும் பில் வந்தது. சென்னையில் மின்னணுச் சாதனங்களுக்கான சூழல் சோதனைக்குத் திருவான்மியூரில் மத்திய அரசின் ஈ.டி.டி.சி. கூடம் இருக்கிறது. ஆரம்பகட்ட வெப்ப, ஈரச் சோதனைகளுக்கு அங்கே விசாரிக்கலாம். விண்வெளித் தரத்தில் அதிர்வு, வெப்ப-வெற்றிடம், சுத்த அறை என்றால் தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் தொழில்நுட்ப மையம் அகமதாபாத்தில் உண்டு. சோதனை நடைமுறை ஆவணம், எங்கே எப்படிப் பொருந்தும் என்று காட்டும் முகப்பு வரைபடம், எடை, மின்தேவை, வெற்றி-தோல்வி வரையறை, இத்தனையும் கையில் இல்லாமல் தேதி கேட்காதீர்கள். வரையறையை எண்ணில் எழுதுங்கள். "நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார் என் நண்பர் ஒருவர்.

9. ஏறும் வண்டி

முதல் தடவையே தனிச் செயற்கைக்கோள் வேண்டாம். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையை, வேலை முடிந்த பிறகும் சோதனைத் தளமாக வைத்துக்கொள்ளும் போயம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30இல் போன போயம்-4 மட்டும் 24 கருவிகளைச் சுமந்தது. சுற்றியது சுமார் 350 கிலோமீட்டரில். மின்சாரமும் தகவல் தொடர்பும் தளமே தரும், உங்கள் ஃபில்டரும் சின்னக் கேமராவும் போதும். விண்ணப்பம் இன்ஸ்பேஸின் இணையத்தளத்தில். அரசு சாராத எவரும் விண்ணில் எதை ஏற்றினாலும் அவர்களின் அனுமதி தேவை. எடுக்கும் படம் பூமியுடையது என்றால் அதன் துல்லியத்தையும் யாருக்குத் தருவீர்கள் என்பதையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஏவும் தேதி தள்ளிப்போகும், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போகாது. ஒப்படைக்கும் பெட்டியில் ஃபில்டரோடு பசைச் சான்று, சாட்சித் துண்டு, மூன்று கட்ட அளவுகளின் அச்சுப்பிரதி, ஷார்ட் செய்த வயரில் சிவப்பு நாடா, நிறம் மாறும் ஈர அட்டை ஒன்று. அட்டை நீலமாக, அதாவது உள்ளே ஈரம் இல்லாமல், இருக்கும்போது மூடி, மூடிய நேரத்தைப் பெட்டி மேல் எழுதுங்கள். பெட்டியை லாரியில் போட வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போங்கள்.